தோட்டாவும் தோட்டமும்

தோட்டம் என்பது தமிழ்ச்சொல். தோட்டா என்பது வடபுலத்திலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொல். ஒலியளவில் உடன்பிறந்தவை போலத் தோன்றும் இவ்விரு சொற்களுக்கும் இலக்கண வழியில் எவ்வித உறவும் இல்லை. ஆயினும் மலாயா மண்ணில், சிறப்பாகக் கிள்ளான் ஆற்றுப் பள்ளத்தாக்கில், இவையிரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் அடுத்தடுத்து வாழ்ந்தன. பால்மரக் காட்டின் நடுவே லயங்கள். லயங்களுக்கு அப்பால் மேட்டின் மீது துரையின் பங்களா. பங்களாச் சுவரில் ஒரு துப்பாக்கி. பழைய தோட்டப்புறத்தைக் கண்டவர் எவரும் இக்காட்சியை அறிவர்.

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியில் பிறந்து, பாரசீகமும் இந்துஸ்தானியும் கடந்து தமிழுக்கு வந்தது. மலாய் மொழியில் துப்பாக்கிக்கு வழங்கும் ‘செனாப்பாங்’ டச்சுக்காரரிடமிருந்து பெறப்பட்டது; குண்டைக் குறிக்கும் ‘பெலுரு’ போர்த்துக்கீசியரிடமிருந்து பெறப்பட்டது. கருவியைக் கொண்டுவந்தவன் எவனோ அவனுடைய சொல்லும் அவனோடு கப்பலேறி வந்து சேர்ந்துவிடுகின்றது. கத்தியும் வாளும் வேலும் இவ்விரு மொழிகளிலும் சொந்தப் பெயரோடு விளங்க, துப்பாக்கி மட்டும் இரவற் பெயரோடு விளங்குவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிலாங்கூரின் வரலாற்றில் துப்பாக்கி பேரோசை எழுப்பியது 1867-ஆம் ஆண்டில் தொடங்கிய கிள்ளான் போரில் ஆகும். ராஜா மஹ்டி ஒருபுறமும் ராஜா அப்துல்லாவின் குடும்பத்தாரும் தெங்கு கூடினும் மறுபுறமுமாக நின்று ஈயச் சுரங்க வரிக்காகப் பொருத அப்போரில் கோலாலம்பூர் கைமாறி மீண்டது. 1873-இல் காப்பித்தான் யாப் ஆ லோய் அதனை மீட்டுக் கட்டியெழுப்பினார். அந்நாளில் பெருவாரியாக வழங்கியவை குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகள். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்கு அரை நிமிடமேனும் வேண்டும். மழை பெய்தால் மருந்து நனையும். நனைந்த மருந்து வெடிக்காது. மழை மிகுந்த மலாயாவில் அது சிறு குறையன்று.

இக்குறையைத் தீர்த்ததே தோட்டா. குண்டு, வெடிமருந்து, அம்மருந்துக்குத் தீமூட்டும் சிறு கேப்பு ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடைத்துவிட்டால், மருந்து நனைவதில்லை, அளவு தவறுவதில்லை, குழலின் பின்புறமாக நொடியில் புகுத்திவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துப்பாக்கி அடைந்த மாற்றங்கள் யாவும் உண்மையில் தோட்டா அடைந்த மாற்றங்களே எனலாம். துப்பாக்கி என்பது தோட்டாவைச் சுற்றிக் கட்டிய வீடு. வீட்டைப் பார்ப்பவர் பலர்; உள்ளிருப்பவரைக் கேட்பவர் சிலர்.

தோட்டா அரசியலுக்குள் நுழைந்த கதையையும் ஈண்டுக் கூறவேண்டும். 1857-இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணம், புதிய என்ஃபீல்ட் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்னும் ஐயமே. அக்கிளர்ச்சி தந்த அச்சம் ஆள்வோர் நெஞ்சில் நீண்டகாலம் நின்றது. 1878-இல் பிறந்த இந்திய ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தலைக் குற்றமாக்கிற்று, வெள்ளையருக்கோ விலக்களித்தது. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணியின் பின்னே மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர், இச்சட்டத்தின் நிழலில் பிறந்து வளர்ந்தவர்கள். துப்பாக்கி என்பது துரைக்குரியது என்னும் எண்ணத்தை அவர்கள் இங்கு வந்து கற்கவில்லை. மூட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

அதே அச்சம் வேட்டைத் தோட்டாவின் பருமனையும் தீர்மானித்தது என்றால் வியப்பாகவே இருக்கும். யானை வேட்டைக்கு ஆங்கிலேயர் பெரிதும் விரும்பியது பாயிண்ட் 450 அங்குலக் குழல் கொண்ட இரட்டைக்குழல் ரைபிள். ஆயின் பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துப்பாக்கியின் குழலும் அதே அளவினது. களவுபோன இராணுவத் துப்பாக்கிகளுக்கு வேட்டைத் தோட்டாவின் குண்டு பயன்பட்டுவிடுமோ என அஞ்சிய அரசு, 1907-ஐ ஒட்டி பாயிண்ட் 450 அளவுள்ள ரைபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. உடனே இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலாளர் குழலைச் சற்றே அகலமாக்கி, பாயிண்ட் 465, பாயிண்ட் 470 எனப் புதிய தோட்டாக்களைச் செய்தளித்தனர். யானையின் மண்டையோடு அவ்வாண்டில் தடித்துவிடவில்லை. தடித்தது ஆள்வோரின் ஐயம் மட்டுமே.

மலாயாவில் பெருவிலங்கு வேட்டையின் பெயர்களுள் முதலில் நினைவுக்கு வருவது தியடோர் ஹபாக் என்பவருடையது. இவருடைய தமையனார் ஆர்தர் பெனிசன் ஹபாக், பிரிக்பீல்ட்ஸை அடுத்து 1910-இல் எழுந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும், இரு ஆறுகள் கூடுமிடத்தில் 1909-இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசலையும் வரைந்த கட்டடக் கலைஞர். தமையன் நகரத்தில் கோபுரமும் வளைவும் எழுப்ப, தம்பி காட்டில் யானையையும் செலாடாங்கையும் தேடித் திரிந்தார். (செலாடாங் என மலாயர் வழங்கும் காட்டுமாட்டைச் சங்கச் சான்றோர் ஆமா என்றனர், அழகிய அச்சொல்லை நாம் ஏன் மறந்தோம் என்பது விளங்கவில்லை.) கூட்டு மலாய் மாநிலங்களில் யானையும் செலாடாங்கும் வேட்டையாடிய பட்டறிவைத் தியடோர் ஹபாக் 1905-இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் அவரே வேட்டையை விடுத்து விலங்கு காப்பாளராக மாறி, 1930 முதல் 1932 வரை மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, மூன்று தொகுதிகள் கொண்ட அறிக்கையை எழுதினார். இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா 1938-39இல் அமைந்தது அவருடைய விடாமுயற்சியால். ஒரு மனிதரின் கை துப்பாக்கியைக் கீழே வைத்ததனால் ஒரு காடு பிழைத்தது.

ஹபாக்கின் நூல் வெளிவந்த அதே 1905-ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் நியூஹேவன் நகரத்து வின்செஸ்டர் தொழிற்சாலை ஒரு புதுவகை வேட்டை ரைபிளைச் சந்தைக்கு அனுப்பியது. அப்போது அதற்கும் மலாயாவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தொடர்பு நாற்பதாண்டுக்குப் பின்னர் வந்தது. அக்கதையை அறிவதற்கு, அத்துப்பாக்கி இயங்கும் முறையைச் சிறிது விளக்கியாதல் வேண்டும்.

சாதாரண ரைபிளில் ஒருமுறை சுட்டபின், சுடுபவர் தம் கையால் பின்பூட்டை இழுத்து, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைத் தள்ளவேண்டும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இவ்வேலையை வெடிப்பின் ஆற்றலே செய்துவிடுகின்றது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே பாயும். ஆயின் அடுத்த தோட்டா அதற்குள் தானே வந்து அமர்ந்திருக்கும். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் மழைபோல் பொழிவது முழுத் தானியங்கி, அது வேறு. செய்தித்தாள்களில் இவ்விரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.

வெடிப்பின் உதைப்பையே வேலைவாங்கலாம் என்பதை 1880-களில் ஹைராம் மாக்ஸிம் மெய்ப்பித்துக் காட்டினார். எனினும் பழைய கரும்புகை மருந்து குழலுக்குள் கரியும் சாம்பலுமாகப் படியும். நுண்ணிய பொறிகள் சில வேட்டுகளிலேயே அடைத்துக்கொள்ளும். 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்த பின்னரே, தானே நிரம்பும் துப்பாக்கி வேட்டைக்காரன் கையில் தாங்கும் பொருளாயிற்று. அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர் ஜான் மோசஸ் பிரவுனிங். அவர் தம் தானியங்கி ரவைத் துப்பாக்கிக்கு உரிமத்தொகை கேட்க, வின்செஸ்டர் மறுக்க, 1902-இல் உறவு முறிந்தது. அவர் அத்துப்பாக்கியைப் பெல்ஜியத்துக்குக் கொண்டுசென்றார். ரெமிங்டன் நிறுவனம் 1906-இல் விற்பனைக்குக் கொணர்ந்த அரைத் தானியங்கி ரைபிளும் அவருடைய ஆக்கமே. அதில் குழலும் பூட்டும் ஒன்றாகப் பின்னோக்கி நகர்ந்து, பின் பிரிந்து, தனித்தனியே மீளும்.

பிரவுனிங்கை இழந்த வின்செஸ்டர், தம் பொறியாளர் தாமஸ் கிராஸ்லி ஜான்சனைக் கொண்டு எளிய வழி ஒன்றைக் கண்டது. பூட்டைப் பூட்டவே வேண்டா. கனமாக்கிவிட்டால் போதும் என்பதே அவ்வழி. கனத்த பூட்டும் அதன் பின்னுள்ள சுருள்வில்லும் பெரிதும் நகருமுன் குண்டு குழலை விட்டு வெளியேறிவிடும். 1905-ஆம் ஆண்டுத் துப்பாக்கி பாயிண்ட் 32, பாயிண்ட் 35 என இருவகைத் தோட்டாக்களுக்குச் செய்யப்பட்டது. இரண்டும் கழுத்துக் குறுகாத நேரான பித்தளைக் கூடுகள். ஆற்றல் போதவில்லை என வேட்டைக்காரர் குறைகூறவே, 1907-இல் பாயிண்ட் 351, 1910-இல் பாயிண்ட் 401 என வலிமை ஏறியது. வலிமை ஏற ஏறப் பூட்டும் கனக்கவேண்டும் அல்லவா? 1910-ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் எடை எட்டு இராத்தலைத் தாண்டிவிட்டது. பாயிண்ட் 32 தோட்டாவோ, மானுக்குப் போதாது, முயலுக்கு மிகை என்னும் நிலையில் ஆதரவற்றுப்போய், 1920-இல் அத்துப்பாக்கியின் உற்பத்தியே நின்றது. அதனை அப்போது எவரும் பெரிதாக எண்ணவில்லை.

மலாயாவில் இப்புதுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் கால்பதிக்கவில்லை. யானையையும் செலாடாங்கையும் வீழ்த்தும் வலிமை அவற்றுக்கு இல்லை என்பது ஒரு காரணம். தானே நிரம்பும் பொறியை ஆங்கிலேய வேட்டைக்காரர் பொதுவாக ஐயத்துடனேயே நோக்கினர் என்பது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக இந்நாட்டின் தட்பவெப்பம் துப்பாக்கிக்குப் பகை. கார்டைட் என்னும் மருந்து வெப்ப நாட்டில் மிகுந்த அழுத்தம் காட்டும். ஆதலின் வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைச் சிறிது குறைத்து அடைத்த தோட்டாக்களை ஆங்கிலக் கம்பெனிகள் தனியே செய்தன. ரவைத் துப்பாக்கியின் தோட்டாக்கூடு அந்நாளில் தடித்த காகிதத்தால் ஆனது. ஈரக்காற்றில் அக்காகிதம் ஊதிப் பருத்துக் குழலுக்குள் நுழைய மறுக்கும். கையால் அழுத்திப் புகுத்தும் துப்பாக்கியில் ஒருவாறு சமாளிக்கலாம். தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி சிக்கி நின்றுவிடும். புலி எதிரே நிற்கும்போது சிக்கி நிற்கும் துப்பாக்கியைவிட ஒரு மூங்கிற்கழி மேல். மேலும், பழைய கேப்பின் உப்புப்படிவு ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் குழலைத் துருவேற்றும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, எண்ணெயிட்டுத் துடைத்தாலன்றித் தப்பாது.

ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் வழங்கியவை பெரும்பாலும் பன்னிரண்டாம் எண் இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கிகளே. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) இறங்கிய சரக்கு, ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியைக் கடந்து கோலாலம்பூரை அடையும். அத்தண்டவாளத்தைப் போட்டவரும் காத்தவரும் பெருவாரியாகத் தமிழரும் யாழ்ப்பாணத்தாருமே. மரவள்ளியையும் இளங்கன்றுகளையும் அழிக்கும் காட்டுப்பன்றியைத் துரை சுடுவார். காட்டைக் கலைத்து விலங்கை வெளியே துரத்தும் வேலை தொழிலாளருடையது. விலங்கு எப்பக்கம் பாயும் என்பது கலைப்பவருக்கும் தெரியாது; குண்டும் அவ்வாறே. விடியலில் இருட்டோடு பேராட்டுக்குப் போய், வாளியும் உளியுமாக நிரைக்குள் நுழைந்த பால்வெட்டுத் தொழிலாளியின் கையில் புலிக்கு எதிராக இருந்தது பால்வெட்டும் அந்த உளி ஒன்றே.

1941-ஆம் ஆண்டு இக்கதையில் இருமுறை வருகின்றது.

அவ்வாண்டு மே மாதம், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கள்ளுக்கடை ஒழிப்பு, நல்ல பள்ளிக்கூடம், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவழக்கத்தின் நீக்கம் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளுள் அடங்கும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் மே 6-இல் கைதுசெய்யப்பட்டார். போராட்டம் தணியவில்லை, பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் சுட்டதில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். சுட்டவரும் இந்தியர், சுடப்பட்டவரும் இந்தியர். இடையே இருந்தது பாயிண்ட் 303 தோட்டா. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மேலும் பலர் அவ்வாறே அனுப்பப்பட்டனர்.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்க இராணுவம் ஒரு புதிய சிறு துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. சமையற்காரன், வண்டியோட்டி, தந்திக்காரன் முதலிய பின்னணிப் பணியாளருக்குக் கைத்துப்பாக்கி போதாது, முழு ரைபிளோ சுமை. இடைப்பட்ட ஒன்று வேண்டும் என்பது இராணுவத்தின் தேவை. தோட்டாவைச் செய்யும் பணி வின்செஸ்டருக்கு வந்தபோது, அங்கிருந்த எட்வின் பக்ஸ்லி புதிதாக ஒன்றைப் படைக்க முனையவில்லை. பழைய அலமாரியில் கிடந்த 1905-ஆம் ஆண்டு வேட்டைத் தோட்டாவாகிய பாயிண்ட் 32-ஐ எடுத்து, அடிவிளிம்பைச் செதுக்கி, குண்டைப் பாயிண்ட் 30 அளவுக்குச் சிறிதாக்கினார். மானுக்குப் போதாதென ஒதுக்கப்பட்ட தோட்டா மனிதனுக்குப் போதும் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டது! குண்டின் எடை ஏழு கிராம். வேகம் நொடிக்கு அறுநூறு மீட்டர்.

துப்பாக்கியின் பொறியை இயக்கும் சிறு உந்துதண்டு டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவருடைய எண்ணம். கொலைக்குற்றத்துக்காக வடகரோலினாச் சிறையில் எட்டாண்டு கழித்தவர் அவர். சிறைப்பட்டறையிலேயே துப்பாக்கிப் பொறிகளை ஆராய்ந்தார் என்பது துப்பாக்கி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. குழலினின்று வரும் வாயு அத்தண்டை மிகச் சிறிதளவே தள்ளும். அச்சிறு அடியே பூட்டைத் திறந்து, அடுத்த தோட்டாவை ஏற்றப் போதுமானது. இதனால் கனத்த பூட்டு வேண்டாதாயிற்று. தோட்டா நீங்கலாக எடை ஐந்தேகால் இராத்தல். பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி. இத்தோட்டாவின் கேப்பு தொடக்கத்திலிருந்தே துருவேற்றாத வகையில் செய்யப்பட்டது. அவ்வுந்துதண்டைக் கழற்றிக் கழுவுவது எளிதன்று என்பதே காரணம். ஆயினும் மலாயாவின் ஈரத்துக்கு அதைவிடப் பொருந்திய ஏற்பாடு வேறில்லை. எம்-1 கார்பைன் எனப் பெயர்பெற்ற இத்துப்பாக்கி அறுபது இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று.

பிரிட்டிஷ் இராணுவத்தின் ‘ஜங்கிள் கார்பைன்’ என்பது இதனின் வேறானது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அது பாயிண்ட் 303 ரைபிளைக் குறுக்கிச் செய்தது. ஒவ்வொரு முறையும் கையால் பூட்டை இழுக்கவேண்டும். அவசரகாலத்தைப் பற்றி எழுதுவோர் இவ்விரண்டையும் குழப்பிவிடுகின்றனர்.

1942 சனவரி 11-இல் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தனர். சயாம் ரயில்பாதையும் பஞ்சமும் இந்திய தேசிய இராணுவமும் நிறைந்த அம்மூன்றரை ஆண்டுகளைப் பற்றி எழுதத் தனி நூல் வேண்டும். தோட்டாவைப் பொறுத்தவரை கூறவேண்டியது இதுதான்: போரின் இறுதியில், காட்டிலிருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு நேச நாட்டு விமானங்கள் ஆயுதங்களை இறக்கின, அவற்றுள் கார்பைன்களும் இருந்தன. 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு ஆளுக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஒப்படைக்கப்படாதவை காட்டு மண்ணுக்குள் போயின.

1948 சூன் 16-ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆங்கிலேயத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் நாடெங்கும் அவசரநிலை. தோட்டத் துரைமாருக்கு அரசே ஆயுதம் வழங்கியது. பங்களாவைச் சுற்றி முள்வேலியும் மணல்மூட்டையும் விளக்கும் எழுந்தன. தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கில் சிறப்புக் காவலர் சேர்க்கப்பட்டனர். அவருள் மிகப்பெரும்பாலோர் மலாய் இளைஞர். இச்சூழலில்தான் கார்பைன் தோட்டப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. காரின் இருக்கையில் மடியருகே வைத்துக்கொள்ள ஏற்ற நீளம். ஒற்றைக் கையால் தூக்கும் எடை. கையால் பூட்டை இழுக்காமலே பதினைந்து முறை சுடலாம். பால்மர நிரைகளுக்கிடையே நூறு அடித் தொலைவுக்கு அப்பால் எதுவும் தெரியாத இடத்தில் அதன் வலிமைக் குறைவு பெரிதாகத் தோன்றவில்லை. ஐந்து தோட்டா கொண்ட அமெரிக்க மான்வேட்டைத் துப்பாக்கியின் வழித்தோன்றல், இவ்வாறு சிலாங்கூரின் பால்மரக் காட்டில் துரையின் நாள்வழிப் பொருளாயிற்று.

தொழிலாளியின் நிலை என்ன? லயங்கள் ஒருங்கு சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டிலுள்ளோருக்கு உணவு போய்ச் சேராதிருக்க, வாயிலில் சோதனை நடந்தது. பால்வெட்டப் போகும் பெண் ஒரு பிடிச் சோறு கொண்டுபோகவும் தடை இருந்தது. இரவில் ஒரு துப்பாக்கி வந்து அரிசி கேட்டது. பகலில் மற்றொரு துப்பாக்கி வந்து அரிசி கொடுத்தாயா எனக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே நின்றவனிடம் எதுவும் இல்லை. இருந்தால் அதுவே அவனுக்கு முடிவாகியிருக்கும். ஏனெனில் அவசரகால விதிகளின்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ வெடிகுண்டோ தோட்டாவோ வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றம். சுட்டிருக்கவேண்டும் என்பதில்லை, வைத்திருந்தாலே போதும்.

இவ்விதி எவ்வளவு கூரியது என்பதற்குச் சான்று எஸ். ஏ. கணபதியின் வரலாறு. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, இளமையிலேயே இங்கு வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, போருக்குப்பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் அவர். சீனரும் தமிழரும் மலாயரும் சேர்ந்திருந்த அப்பேரமைப்புக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கினார் என்பதே அந்நாளில் பெருஞ்செய்தி. 1948 சூனில் சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. 1949 மார்ச் முதல் நாள், ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. கண்டெடுத்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கொண்டுசென்றதாக அவர் கூறினார். வழக்குமன்றம் ஏற்கவில்லை. இரண்டே வாரங்களில் தீர்ப்பு வந்தது. நேருவின் அரசு லண்டன் வரை கருணை வேண்டியது. பயன் விளையவில்லை. அவருக்குப்பின் தொழிற்சங்க முன்னணியில் நின்ற வீரசேனன் மே 3-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த நாள், 1949 மே 4-ஆம் நாள், புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.

கணபதியின் அரசியலை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. கம்யூனிஸ்டுக் கட்சியின் துப்பாக்கிகளால் மாண்ட எளிய மக்களின் தொகையும் சிறிதன்று. அவருள் தமிழரும் அடங்குவர். ஆயினும் ஒரு கணக்கை எவரும் மறுத்தல் இயலாது. அதே ரவாங் சாலையில் அதே வாரத்தில் பதினைந்து தோட்டா நிரம்பிய கார்பைனோடு துரை ஒருவர் சென்றிருப்பின் அது அவருடைய உரிமை, கடமையுங்கூட. ஆறு தோட்டா ஒரு தொழிற்சங்கத் தலைவரின் உயிருக்கு விலையாயிற்று. பித்தளையும் ஈயமும் மருந்தும் இருவரிடத்தும் ஒன்றே.

அவசரகாலம் 1960 சூலை 31-இல் முடிவுற்றது. கார்பைன்கள் அரசுக்குத் திரும்பின. தோட்டங்களில் மீண்டும் ரவைத் துப்பாக்கியும் காட்டுப்பன்றியும் எஞ்சின. 1960-இல் ஆயுதச் சட்டம் வந்தது: துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவோர் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் கேட்டுப் பெறவேண்டும். 1971-இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டம் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமோ, பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடங்களில், தோட்டா வைத்திருத்தலுக்கு மரணமே தண்டனை என்னும் பழைய விதியைத் தொடர்ந்து சுமந்தது. 1977-இல் பினாங்கில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கே இதன்படி மரண தண்டனை விதிக்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டிய வயது. நாடே திகைத்தது, முடிவில் அவனுடைய உயிர் மன்னிப்பால் காக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனை என்பதே 2023-இல் ஒழிக்கப்பட்டு, தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை நீதிபதியிடம் வந்தது.

இக்காலத்துக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் பால்மரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. முன்னர்ச் செம்பனையும் பின்னர் வீட்டுமனைகளும் அவ்விடத்தைப் பிடித்தன. காகிதத் தோட்டாவின் இடத்தை 1960-களிலிருந்து பிளாஸ்டிக் கூடு பிடித்துக்கொண்டது. அது ஈரத்தில் ஊதுவதில்லை. பாயிண்ட் 30 கார்பைன் தோட்டாவோ அமெரிக்காவில் இன்றும் செய்யப்படுகின்றது. முனையில் ஈயம் தெரியும் குண்டோடு, வேட்டைத் தோட்டா என்றே விற்கப்படுகின்றது. அதன் தாயாகிய பாயிண்ட் 32 பழம்பொருள் சேர்ப்போரின் பெட்டிகளில் மட்டும் கிடைக்கும்.

1895-இல் திறக்கப்பட்ட புடு சிறை 1996-இல் மூடப்பட்டது. 2010-இல் அதன் மதிற்சுவரை இடிக்கத் தொடங்கினர். அவ்விடத்தில் எழுந்த வணிக வளாகம் 2022-இல் திறக்கப்பட்டது. சிறையின் பழைய நுழைவாயிலை மட்டும் இடிக்காமல் விட்டு வெள்ளையடித்து வைத்திருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செல்வோர் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவ்வாயிலுக்கு அப்பால், கடைகளுக்கும் நீரூற்றுக்கும் அடியில் ஏதோ ஓரிடத்தில், தூக்குமேடை இருந்தது.